தக்காளிச் செடிக்குப் போன தண்ணீர்

ஜூலை 7, திங்கள்

சாந்தகுமாரி டீச்சர் ஒவ்வொரு அணிக்கும் ஒரு நீள நோட்டு கொடுத்தார். அதற்குப் பெயர் பதிவேடு. மாவட்ட அறிவியல் கண்காட்சியில் நடுவர்கள் முதலில் அதைத்தான் புரட்டுவார்களாம். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதாம். அடிக்காமல் திருத்தாமல் எழுத நான் என்ன கல்வெட்டா வெட்டுகிறேன்? அதனால் இது இரண்டாவது நோட்டு. அம்மா பைண்டிங் வேலை பார்க்கும் அச்சகத்தில் கோணலாக வெட்டுப்பட்டதென்று ஒதுக்கியது. இதில் வாய்க்கு வந்ததை எழுதுவேன். இதை யாராவது படித்தால் கண் அவிந்து போகும்.

எங்கள் அணியில் நானும் ஆரோக்கிய ஜென்சியும். எங்கள் செயல்திட்டம் தண்ணீர் வடிகட்டி. கூழாங்கல், ஆற்று மணல், சிரட்டைக்கரி, மறுபடி மணல். பள்ளியின் போர் தண்ணீர் மேலே செம்மண் நிறத்தில் போய்க் கீழே பளிச்சென்று வரும். அதை நாற்பது லிட்டர் டிரம்மில் பிடித்து வகுப்பு வாசலில் வைப்போம். எங்கள் பதினொன்றாம் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். எத்தனை லிட்டர் குடிக்கிறார்கள் என்று தினமும் மூன்று மணிக்கு அளப்போம். யாரும் வீட்டிலிருந்து பாட்டில் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொரு அணி ரஹ்மத் நிஷாவும் விசாலியும். ரஹ்மத் நிஷா வகுப்பிலேயே உயரம், மூக்கு அதைவிட உயரம். நான் வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. "வடிகட்டியா? அது ஆறாங்கிளாஸ் புராஜெக்ட்ல?" என்று டீச்சர் முன்னாலேயே கேட்டாள். அவள் செய்வது மட்டும் என்னவாம்? ஒருத்தி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விடுவாள், மற்றவள் அது விழும்போது இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் நழுவுகிறதோ அத்தனை மந்தம். முதல் பீரியடில் ஒரு தடவை, கடைசிப் பீரியடில் ஒரு தடவை. மதியச் சோறு தின்றால் தூக்கம் வரும் என்று நிரூபிக்க ஒரு அணி! எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியே சொல்லுமே அதை.

ஜூலை 8, செவ்வாய்

19 லிட்டர்! எல்லாரும் வந்து ருசி பார்த்தார்கள். ஜென்சி டிரம்முக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். வேதக்காரப் பிள்ளை சந்தனம் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "டிரம்மு என்ன மதம்னு நீ கேட்டியா?" என்கிறாள்.

ஜூலை 9, புதன்

7 லிட்டர். நேற்றைக்கு நிறையக் குடித்துவிட்டார்கள் போல.

ஒட்டகச்சிவிங்கி என்னையும் ஸ்கேல் பிடிக்கச் சொன்னாள். காலையில் 11 சென்டிமீட்டர், கடைசிப் பீரியடில் 19. "ரொம்ப மந்தம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். ஸ்கேல் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

5 லிட்டர். நேற்று 6.

டீச்சர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அறுபத்திரண்டு பேருக்கு அஞ்சு லிட்டரு. ஆளுக்கு அரை டம்ளர்கூட வரலயேம்மா. தண்ணி பிடிக்கலன்னுதான அர்த்தம்?"

அங்குட்டு ஒருத்தி சிரித்தாள். யாரென்று எழுத வேண்டியதில்லை.

வகுப்பில் எழுந்து நின்று கத்தினேன். "ஏண்டி, ஒரு வாரமா மணல அலசிக் கை தோலு உரிஞ்சு போச்சு. குடிச்சாத்தான் என்ன?" எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என்ன பிள்ளைகளோ.

இன்டர்வெலில் கழிப்பறை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினேழு பேர். பத்து நிமிடம்தான் திறப்பு. என் முறை வருவதற்குள் பெல் அடித்துப் பூட்டிவிட்டார்கள். இனி சாவி ஆபீஸ் ரூமில் கிளார்க் சார் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பழகியதுதான்.

ஜூலை 14, திங்கள்

இன்று 26 லிட்டர் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

குடித்தது 6. மிச்சம் இருபது சொம்பு, ஒரு சொம்பு ஒரு லிட்டர், லேபுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினேன். மூன்று மணிக்கு அளவெடுக்க எனக்கு மட்டும்தான் அனுமதி, ஒருவரும் பார்க்கவில்லை. ஜென்சிக்கும் சொல்லவில்லை. இதில் பொய் ஒன்றும் இல்லை. டிரம்மிலிருந்து 26 லிட்டர் போனது நிஜம்தானே? எங்கே போனது என்று பதிவேட்டில் கட்டம் இல்லை.

இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அளந்ததை எழுதாமல் விட்டால் கை அரிக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

குடித்தது 5. கொட்டியது 20.

ஜூலை 16, புதன்

இன்று பள்ளியில் ஆய்வு. பெரிய அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வராந்தா முழுக்க பினாயில் வாசனை. நூலகம், லேப், கழிப்பறை என்று எல்லாக் கதவும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆவென்று திறந்து கிடந்தது.

இன்று நடந்த அதிசயம் அதுவல்ல. 29 லிட்டர்! ஒரு சொட்டுக்கூட நான் கொட்டவில்லை! ஒருவழியாகப் பிள்ளைகளுக்கு ருசி பிடித்துவிட்டது. நானே மூன்று டம்ளர் குடித்தேன், சும்மா சொல்லக் கூடாது, சில்லென்று இருந்தது. ஒட்டகச்சிவிங்கி இரண்டு தடவை வந்து பிடித்துக் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆறாங்கிளாஸ் தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதா மகாராணி?

ஜூலை 17, வியாழன்

குடித்தது 6. கொட்டியது 20. இந்தப் பிள்ளைகளை என்ன செய்ய?

ஜூலை 18, வெள்ளி

நீர்க்கடுப்பு. உட்கார்ந்தால் நெருப்பாக எரிகிறது. அம்மா வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள்.

"ஒழுங்காத் தண்ணி குடிச்சா இப்படி வருமாடி?"

"குடிக்கிறேன்ம்மா. வெயிலும்மா."

டிரம் வைத்த பிறகும் அம்மா எனக்கு பாட்டில் கொடுத்துத்தான் அனுப்புகிறாள். அதை பஸ் ஸ்டாப்பிலேயே சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நிறைந்த பாட்டிலோடு போனால் யார் திட்டு வாங்குவது?

குடித்தது 7. கொட்டியது 18.

ஜூலை 23, புதன்

குடித்தது 6. கொட்டியது 20. நேற்றும் முந்தாநாளும் அதே. ஒட்டகச்சிவிங்கி மதியம் லேபுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்ன வேவு பார்க்கிறாளோ.

ஜூலை 25, வெள்ளி

பெற்றோர் கூட்டம். பள்ளிக்கூடம் மறுபடியும் பினாயில் மணம், மறுபடியும் எல்லாக் கதவும் திறப்பு. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

27 லிட்டர். கொட்டவில்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஹெச்.எம். டீச்சர் பிரேயரில் அறிவித்தார்: கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே அணிதான் போகலாம். பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் ஒரு எரிமலை செய்திருக்கிறார்கள். செய்திருக்கிறார்களாவது! மதுரையில் கடையில் வாங்கியது, அடியில் விலைச்சீட்டே ஒட்டியிருக்கிறது. அதுதான் போகுமாம், பார்க்க நன்றாக இருக்கிறதாம்.

சாந்தகுமாரி டீச்சர் எங்கள் இரண்டு அணியையும் கூப்பிட்டார். "தனித்தனியா நின்னா எரிமலைதான் போகும். ரெண்டையும் சேத்து ஒண்ணாக் குடுங்க, நான் பேசிப் பாக்குறேன்."

"தண்ணிக்கும் ஸ்கேலுக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?" என்றேன்.

"அதக் கண்டுபிடிங்க. அதுக்குத்தான அறிவியலு?"

ஒட்டகச்சிவிங்கி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். ஆனாலும் கடையில் வாங்கின எரிமலையிடம் நான் தோற்க மாட்டேன். சேர்ந்தோம்.

ஜூலை 29, செவ்வாய்

லேபில் இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தோம். ஒட்டகச்சிவிங்கியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. தினமும் காலை சராசரி 12 சென்டிமீட்டர், கடைசிப் பீரியட் 18. எல்லா நாளும் அப்படித்தான். இரண்டு நாளைத் தவிர.

"ஜூலை பதினாறு, இருவத்தஞ்சு" என்று பென்சிலால் தட்டினாள். "அன்னைக்கு மட்டும் கடைசிப் பீரியட்லயும் பதிமூணுதான். அதே சோறு, அதே சாம்பாரு. அப்ப சோறு காரணமில்ல. என் தலைப்பே தப்பு." தன் தலைப்பைத் தானே தப்பென்று இப்படி வெறும் வாயால் சொல்கிறவளை நான் பார்த்ததில்லை. பிறகு கேட்டாள்: "அந்த ரெண்டு நாளு உன் தண்ணியில ஏதாச்சும் வித்தியாசம் இருக்கா?"

எங்கள் பதிவேட்டைப் பார்த்தோம். ஜூலை 14 முதல் 25 வரை: 26, 25, 29, 26, 25, 26, 26, 26, 25, 27. தட்டையாக இருந்தது.

"இல்ல" என்றேன். பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"அப்ப சம்பந்தமே இல்ல" என்று ஜென்சி நோட்டை மூடினாள். அவள் முகம் வெளிறியிருந்தது. வயிறு வலிக்கிறது என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லேபுக்குப் பின்னால் ஒரு தக்காளிச் செடி முளைத்திருக்கிறது. சத்துணவுக் குப்பையிலிருந்து விழுந்த விதையாக இருக்கும். சுற்றிலும் புல் காய்ந்து கருகிக் கிடக்க, அந்த ஓர் இடம் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. நிஷா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"ஒன்றரை மாசமா மழையில்ல. இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

"எனக்கென்ன தெரியும்?"

"சரி" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன்.

குடித்தது 5. கொட்டியது 21. ஆமாம், இன்றைக்கும்தான். நிறுத்தினால் திடீரென்று ஏன் குறைந்தது என்று கேட்பார்களே.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஜென்சி வரவில்லை. காய்ச்சலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளி விட்டதும் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஜென்சிக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரில் கிருமி, கிட்னி வரைக்கும் போய்விட்டதாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "டிரம்மு எம்புட்டு?" என்றாள்.

அவள் அம்மா என்னிடம் அழுதார். "ஒரு நாளைக்கு எத்தன டம்ளர் குடிக்கிறன்னு டாக்டரம்மா கேட்டாக. ரெண்டுன்னு சொல்லுது. பள்ளிக்கூடத்துல குடிக்கவே குடிக்காதாம்! காளி, நீதான தண்ணி டிரம்மு வச்சிருக்க? நீ சொல்லக் கூடாதா?"

நான் ஜென்சியைப் பார்த்தேன். "ஏண்டி குடிக்கல? நம்ம டிரம்முடி அது."

"நீ குடிச்சியா?" என்றாள்.

நான் குடித்ததில்லை. ஆய்வு அன்று மூன்று டம்ளர், பெற்றோர் கூட்டத்தன்று இரண்டு. மற்ற நாளில் ஒரு வாய்கூட இல்லை. நானே வடிகட்டி, நானே அளந்து, அடுத்தவளை எல்லாம் குடிக்கச் சொல்லித் திட்டி, நான் குடித்ததில்லை. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் ஆபீஸ் ரூமில் அத்தனை பேர் முன்னால் கிளார்க் சாரிடம் சாவி கேட்க வேண்டும். அவர் "எதுக்கு?" என்பார். அறுபத்திரண்டு பேருக்கும் இது தெரியும். அதனால்தான் அன்றைக்கு நான் கத்தியபோது தரையைப் பார்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் தரையைப் பார்த்திருக்க வேண்டும்.

ருசியும் இல்லை, சோறும் இல்லை. பூட்டு. அந்த இரண்டு நாளும் பூட்டு இல்லை, தண்ணீர் குடித்தோம், கை சுறுசுறுப்பாக இருந்தது. இது நிஷாவின் நோட்டில் பாதி இருக்கிறது. மறு பாதி பதிவேட்டில் இல்லை. அதை நான்தான் இருபது இருபது சொம்பாகச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

நிஜமான எண்கள் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன. இந்த நோட்டில். ஐயோ.

ஆகஸ்ட் 6, புதன்

எண்களை மட்டும் ஒரு தாளில் எடுத்தெழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். நேற்றுக் கிறுக்கின மாதிரி இருந்தது. ஒரு தடவை பொய் எழுதினவள் இன்னொரு தாள் நீட்டினால் எவள் நம்புவாள்? தேதி தேதியாக, மை மாறி மாறி எழுதிய இந்த நோட்டுத்தான் சாட்சி.

இதை எழுதி முடித்ததும் நிஷாவிடம் கொடுக்கப் போகிறேன். படி. கண் அவியாது, அது சும்மா சொன்னது.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் பிரேயருக்கு முன்னால் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே ஒரு தாளில் எல்லா எண்ணையும் அட்டவணையாகப் போட்டிருந்தாள்.

"ஒட்டகச்சிவிங்கின்னு ஆறு தடவ எழுதியிருக்க."

நோட்டைப் பைக்குள் செருகப் பார்த்தேன்.

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிதான் நிஷாங்குற. செடிக்கிட்ட கூட்டிட்டுப் போன அன்னைக்கு." பென்சிலால் என் தலையில் தட்டினாள். "திருட்டுப் பய புள்ள. பொய் எழுதுனவ எதுக்குடி நெசத்தையும் எழுதி வச்ச?"

"கை அரிச்சுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "நீயும் குடிக்க மாட்டியா?" என்று கேட்டேன். "பூட்டியிருக்குற நாள்ல, ஆறாங்கிளாஸ்ல இருந்து குடிச்சதில்ல" என்றாள்.

டீச்சரிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். டீச்சர் நோட்டைப் பாதி படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா" என்றார். பிறகு பதிவேட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "செவப்பு மையில அடி. ஒவ்வொண்ணா அடிச்சு, பக்கத்துல நெசத்த எழுது." அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு இப்போது அம்மை போட்ட முகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

"ரெண்டு நாளு போதாது. தற்செயலும்பாங்க. மூணாவது நாளு வேணும்" என்கிறாள் நிஷா. அவளிடம் எதையும் சும்மா வாங்க முடியாது.

நாளை சுதந்திர தின ஒத்திகை. நகராட்சியிலிருந்து ஆள் வருகிறார்கள், நாள் முழுக்கத் திறப்பு. நிஷா இந்த நோட்டிலேயே தன் கையால் எழுதுகிறாள்:

*நாளை 25 லிட்டருக்கு மேல் குடிப்பார்கள். கடைசிப் பீரியடில் 14 செ.மீ.க்குள் பிடிப்பார்கள். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. இப்படிக்கு, ஒட்டகச்சிவிங்கி.*

ஆகஸ்ட் 14, வியாழன்

28 லிட்டர். 13 சென்டிமீட்டர். லேபில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் ஒரு பீக்கர் உடைந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

டீச்சர் எப்படியோ பேசி எரிமலையை உட்கார வைத்துவிட்டார். ஆனால் ஹெச்.எம். எங்கள் சார்ட்டைப் பார்த்ததும் எங்களுக்குப் பிடித்தது சனி. 'கழிப்பறை திறந்திருந்த நாள்', 'பூட்டியிருந்த நாள்' என்று பெரிதாக எழுதியிருந்தோம்.

"மாவட்டம் பூரா நம்ம ஸ்கூலு நாறணுமா? தொள்ளாயிரம் பிள்ளைக, ஆறு டாய்லெட்டு, ஒரே ஒரு துப்புரவம்மா. அவங்களும் பத்து மணிக்குப் போயிருவாங்க. நாள் முழுக்கத் திறந்து விட்டா என்ன கதியாகும்னு தெரியுமா உனக்கு?"

"அப்ப ஆள் கேட்டு எழுதுங்க டீச்சர். எங்க சார்ட்டையும் சேத்து அனுப்புங்க" என்றேன் ஹெச்.எம்.மிடம்.

"வாய அடக்கு!"

அவர் சொன்னதில் பாதி நியாயம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். மறு பாதிக்கு ஜென்சி பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டாள். அந்த வார்த்தைகள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார். 'முதல் வகை நாள்', 'இரண்டாம் வகை நாள்' என்று எழுதச் சொன்னார். ஒட்டினோம். எழுதினோம். இந்த நோட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோணல் நோட்டை யார் மதிப்பார்கள்?

ஆகஸ்ட் 20, புதன்

கண்காட்சி. நான், நிஷா, விசாலி, இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கும் ஜென்சி. இடது பக்கத்து மேசையில் வேறொரு பள்ளியின் எரிமலை.

நடுவர் கல்லூரிப் பேராசிரியர், நரைத்த மீசை. சார்ட்டை மேலும் கீழும் பார்த்தார். "முதல் வகை நாள்னா என்னம்மா?"

டீச்சர் தரையைப் பார்த்தார். எனக்கு இந்தத் தரைப் பார்வை சலித்துவிட்டது.

"கக்கூஸ் திறந்திருந்த நாள் சார்" என்றேன். ஹாலே கேட்டிருக்கும். எரிமலைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

நடுவர் பதிவேட்டை எடுத்தார், சிவப்பு அடித்தல்களைப் பார்த்தார். "இதென்ன இம்புட்டுத் திருத்தம்?"

"பொய் எழுதினேன் சார். நெசம் இதுல இருக்கு." இந்த நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நீயே தண்ணியக் கொட்டி ஏமாத்தியிருக்க. இந்த எண்ண மட்டும் நான் எப்படி நம்புறது? ரெண்டு அணியும் பேசி வச்சு எழுதியிருக்கலாம்ல?"

நிஷா முன்னால் வந்தாள்.

"சார், ஜூலை பதினாறப் பாருங்க. இருவத்தெட்டப் பாருங்க. இவ என்னைய எப்படித் திட்டியிருக்கான்னு படிங்க. நாங்க மூஞ்சி குடுத்துக்கூடப் பேசல சார். அவ எம்புட்டு அளந்தான்னு எனக்குத் தெரியாது, நான் எம்புட்டு அளந்தேன்னு அவளுக்குத் தெரியாது. பேசி வச்சிருந்தா ஆறு தடவ ஒட்டகச்சிவிங்கின்னா எழுதுவா?"

நடுவர் நோட்டை மெதுவாக மூடினார். "ஆராய்ச்சியில இப்படி ஒரு அத்தாட்சிய நான் பாத்ததில்ல" என்றார். ஆனாலும் தரவைத் திருத்தியதால் பரிசுக்கு எடுக்க முடியாது, விதி அப்படி என்றார். நியாயம்தான். எரிமலைக்கு மூன்றாம் பரிசு.

திரும்பும் வழியில் டீச்சர் எங்கள் நால்வருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். எல்லாரும் முழுக்கக் குடித்தோம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான் சபையில் சொன்ன வார்த்தை ஹெச்.எம். காதுக்குப் போய்விட்டது. பெற்றோரை அழைத்து வா என்றார். அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். ஆபீஸ் ரூம் பெஞ்சில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். நான் வாசலில் நின்றேன். அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

"சார், பாத்ரூம் எங்குட்டு இருக்கு?"

கிளார்க் சார் தலை நிமிராமல், "பூட்டியிருக்கும்மா" என்றார்.

அம்மா அவருக்குப் பின்னாலிருந்த ஆணியைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஹெச்.எம். உள்ளே கூப்பிட்டதும் போனாள். "உங்க மகளுக்கு வாய் ஜாஸ்தி" என்று ஹெச்.எம். ஆரம்பித்ததும், "ஆமா டீச்சர், ஜாஸ்திதான்" என்றாள் அம்மா. "நான் பெத்ததுல அது ஒண்ணுதான் உருப்படி."

வீட்டுக்கு வரும் வழியில், பஸ் ஸ்டாப் சாக்கடை அருகே நின்று அம்மா கேட்டாள். "அப்ப, தினம் பாட்டிலு காலியா வந்துச்சே?"

சொன்னேன். அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் முதல் பீரியடுக்கு முன்னால் வகுப்பில் எழுந்து நின்றேன். இந்த முறை கத்தவில்லை. நோட்டை விரித்து, நான் கொட்டியதை, நான் குடிக்காததை, எல்லாவற்றையும் வாசித்தேன். பிறகு சொன்னேன். "இன்னைக்கு எல்லாரும் ரெண்டு டம்ளரு குடிங்க. வந்தா அடக்காதீங்க. ஒவ்வொருத்தியாப் போய்ச் சாவி கேளுங்க. சண்டை போட வேணாம். மரியாதையாக் கேக்கணும், திருப்பிக் கொண்டாந்து ஆணியில மாட்டச் சொல்லிக் குடுக்கணும். அடுத்தவ போகணும்."

முதலில் நான் போனேன்.

"சாவி வேணும் சார்."

"எதுக்கு?"

ஆறு வருடமாக இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டார். உயிர் போகவில்லை.

"ஒண்ணுக்குப் போக சார்."

சார் முகம் சிவந்தது. எழுந்து, திரும்பி, எக்கி, எடுத்துக் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுத்தபோது வாசலில் நிஷா நின்றாள். அவளுக்குப் பின் விசாலி. அவளுக்குப் பின் ஜென்சி. மூன்று மணி வரை கிளார்க் சார் நாற்பத்தொரு தடவை எழுந்து உட்கார்ந்ததை நிஷா எண்ணியிருக்கிறாள். முப்பதாவது தடவைக்குப் பிறகு அவர் "எதுக்கு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

குடித்தது 24.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பத்தாம் வகுப்பும் வரிசையில் சேர்ந்துகொண்டது. எழுபத்து மூன்று தடவை. கிளார்க் சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குள் போனார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி லீவு. இன்று வந்து பார்த்தால் ஆபீஸ் ரூம் சுவரில் பழைய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருக்கிறது. ஆணியைப் பிடுங்கி வெளியே வராந்தாச் சுவரில், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் அடித்திருக்கிறார்கள். சாவி அதில் தொங்குகிறது. யார் சொன்னார்கள், யார் அடித்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. இன்னொரு துப்புரவுப் பணியாளர் வேண்டுமென்று ஹெச்.எம். மனு அனுப்பியிருப்பதாகவும், அதோடு எங்கள் சார்ட்டின் நகல் ஒன்று போனதாகவும் சாந்தகுமாரி டீச்சர் காதோடு சொன்னார். வெள்ளைத்தாள் ஒட்டிய சார்ட்டா, ஒட்டாததா என்று கேட்டேன். "வெள்ளத்தாளக் கிழிச்சுட்டுத்தான் அனுப்புனாங்க" என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

தக்காளிச் செடி வாடிவிட்டது. பாவம், அதற்கு நாங்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு அளந்தேன். நிஷா பக்கத்தில் நின்று பென்சிலோடு சரிபார்த்தாள். குடித்தது 38. டிரம்மில் மிச்சம் இரண்டே சொம்பு. இரண்டையும் எடுத்துப் போய்ச் செடியின் அடியில் ஊற்றினோம்.

கொட்டியது 2. பதிவேட்டில் எழுதியாயிற்று.